துரு ஏன் அங்கே இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அட்டையில் ஒரு பேருந்து செய்துகொண்டு வந்தான். அளவு ஓரளவு சரியாக இருந்தது. சக்கரங்கள் சுழன்றன. ஆனால் படிக்கட்டுக்குக் கீழேயும் பின்சக்கரத்தைச் சுற்றியும் பழுப்பு வண்ணத்தைத் திட்டுத்திட்டாகப் பூசியிருந்தான். பின்பக்கக் கண்ணாடி முழுவதும் மங்கலாக இருந்தது.

"ஏம்ப்பா, இவ்வளவு அழுக்காவா கொண்டு வருவ?" என்று கேட்டேன்.

"சார், நம்ம ஊருக்கு வர்ற பஸ்ஸு இப்படித்தான் சார் இருக்கும்" என்றான்.

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பார்வையாளர்கள் வரும் நாளில் நேர்த்தியாக இருக்க வேண்டும் என்று சொல்லி, பழுப்பின் மேல் புது வண்ணம் பூசவைத்தேன். அவனும் பூசினான். கடையில் ஆயத்தமாக வாங்கி வந்த எரிமலை மாதிரிக்கு அந்த ஆண்டு முதல் பரிசு கிடைத்தது.

அவன் சரியாகச் செய்திருந்தான், தவறு என்னுடையது என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. புரியவைத்தது ஒரு பொழுதுபோக்கு. சிங்கப்பூரில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொடுத்தார். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி உருவாக்கும் சிறு கார் அது. ஜப்பானின் டமியா நிறுவனம் தயாரித்த, 1966ஆம் ஆண்டு வோல்க்ஸ்வாகன் பீட்டில் காரின் மாதிரி. அதைக் கட்டி முடித்துப் 'பழைய வண்டி'யாக மாற்ற முயன்றபோதுதான், ஒரு பொருளை உற்றுநோக்குவது எவ்வளவு கடினமான வேலை என்று தெரிந்துகொண்டேன். அந்தக் கலையைப் பற்றியும், வகுப்பறையில் அதைப் பயன்படுத்தும் வழி பற்றியும் இங்கே பகிர்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. சட்டங்களில் கோத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பல சிறு பாகங்கள், கண்ணாடிக்கான ஒளி ஊடுருவும் பாகங்கள், ரப்பர் டயர்கள், நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலங்கள், படங்களுடன் கூடிய செய்முறைத் தாள் ஆகியவையே இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் உண்டு.

இந்தப் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்திக் குளிரவைத்து எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் பாய்ந்து சென்ற கால்வாய்களே, பாகங்களைச் சுற்றி நாம் காணும் சட்டம். பாலிஸ்டைரீன் நமக்குப் புதிதன்று. வகுப்பறையில் பயன்படுத்தும் தெர்மாகோலும் அதே பொருள்தான். காற்றுக் குமிழ்களால் ஊதிப் பெருக்கப்பட்டால் தெர்மாகோல். கெட்டியாக வார்க்கப்பட்டால் மாதிரிக் கார். ஒரே பொருள் அமைப்பு மாறும்போது எவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதை ஒட்டும் பசையும் நாம் காகிதம் ஒட்டும் பசையைப் போன்றதன்று. தெர்மாகோல் மீது நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பட்டால் அது சுருங்கிக் கரைவதைப் பார்த்திருப்போம். மாதிரிக் காருக்கான பசையும் ஒரு கரைப்பானே. இரு பாகங்களின் விளிம்புகளையும் சற்றே கரைத்து இளக்குகிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாக இறுகிவிடுகின்றன. இதை ஒட்டுதல் என்பதைவிடப் பற்றவைத்தல் என்பதே பொருந்தும். அதனால்தான் ஒரு சொட்டு கூடினாலும் பாகம் உருக்குலைகிறது.

பிளாஸ்டிக் மாதிரிகளின் வரலாறு 1930களில் தொடங்குகிறது. பிரிட்டனில் 1936இல் 'ஃபிராக் பெங்குவின்' என்ற பெயரில் விமான மாதிரிகள் செல்லுலோஸ் அசிட்டேட்டில் வெளிவந்தன. அமெரிக்காவில் கார் மாதிரிகள் வேறு வழியில் வளர்ந்தன. கார் விற்பனையகங்களில் வாடிக்கையாளருக்குக் காட்டவும் பரிசளிக்கவும் சிறு பிளாஸ்டிக் கார்களைச் செய்தார்கள். தொடக்கத்தில் அவையும் அசிட்டேட்டால் ஆனவை. நாளடைவில் வளைந்து நெளிந்துவிட்டன. பின்னர் உருக்குலையாத பாலிஸ்டைரீன் வந்தது. இத்தகைய விளம்பர மாதிரிகளைச் செய்துவந்த மிச்சிகன் மாநிலத்து ஏ.எம்.டி. நிறுவனம், 1958இல் அவற்றைக் கட்டும் பெட்டிகளாக விற்கத் தொடங்கியது. அங்கிருந்துதான் இது வீட்டு மேசைக்கு வந்தது.

இருபத்து நான்கால் வகுத்தல்

கார் மாதிரிகளில் பரவலான அளவுத்திட்டம் 1:24. அமெரிக்க நிறுவனங்கள் பல 1:25 அளவைப் பின்பற்றுகின்றன. 1:24 என்றால் உண்மைக் காரில் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம்.

பீட்டில் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு 2,400 மில்லிமீட்டர். இதை 24ஆல் வகுத்தால் சரியாக 100 மில்லிமீட்டர். மாணவர் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து மாதிரியில் அளக்கச் சொன்னால் 10 சென்டிமீட்டர் வரும். அதே கார் 1:25 அளவில் இருந்தால் 9.6 சென்டிமீட்டர். விகிதம் என்ற பாடத்துக்கு இதைவிட எளிய கணக்கு வேண்டியதில்லை.

ஆனால் அளவுத்திட்டம் நீளத்தோடு நிற்பதில்லை. பரப்பு 24 × 24, அதாவது 576 மடங்கு குறைகிறது. கன அளவு 24 × 24 × 24, அதாவது 13,824 மடங்கு குறைகிறது. எல்லாவற்றையும் இப்படிக் குறைக்க முடியுமா? முடியாது. காரின் தகடு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. 24ஆல் வகுத்தால் 0.03 மில்லிமீட்டர்; நம் பாடநூல் தாளைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லிதாகப் பிளாஸ்டிக்கை வார்க்க இயலாது. மாதிரியின் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இருக்கும். உண்மை அளவில் அது 24 மில்லிமீட்டர் தடித்த இரும்புப் பாளம்! எனவே கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குகிறார்கள்.

பழமையான தோற்றத்தைக் கொடுக்கும்போதும் இந்தக் கணக்கே வழிகாட்டுகிறது. மாதிரியில் ஓர் அரிசி மணி நீளத்துக்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்கு, வண்ணம் பெயர்ந்ததாகக் காட்டினால், உண்மைக் காரில் அது 14 சென்டிமீட்டருக்கும் மேல். சின்னக் கல் தெறித்த தழும்பைக் காட்ட நினைத்தவர், பெரிய விபத்தையே காட்டிவிடுவார். கல் தெறித்த 5 மில்லிமீட்டர் தழும்பு, மாதிரியில் 0.2 மில்லிமீட்டர்தான், ஊசி முனையால் வைக்கும் புள்ளி. கையை அசைப்பதற்கு முன் வகுத்துப் பார்க்க வேண்டும்.

கட்டும் வரிசை

முதலில் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. பிறகு சிறு வெட்டுக்குறடால் பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்ட வேண்டும். பாகத்தை ஒட்டி வெட்டாமல், சற்றுத் தள்ளி ஒரு முறை, பின் நெருங்கி ஒரு முறை என இரு தடவை வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழாது. மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம்.

பசை இடுவதற்கு முன் பாகங்களைப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். பொறுமையற்றவர்கள் தவறும் இடம் இதுதான், நானும் தவறினேன். என் முதல் காரில் இருக்கைகளை ஒட்டிய பிறகுதான் கூரை உட்காரவில்லை என்று தெரிந்தது. பற்றவைத்ததைப் பிரிக்க முடியாது.

எஞ்சின், இருக்கை, அடிப்பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே வண்ணமிட்டுச் சேர்த்தபின், உடற்பகுதிக்கு அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். அடிப்பூச்சு வண்ணத்தைப் பிடித்துக்கொள்வதோடு, தேய்க்காமல் விட்ட கீறல்களையும் காட்டிக்கொடுக்கும். அதன்மேல் வண்ணத்தை மெல்லிய பல பூச்சுகளாகப் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் கதவின் விளிம்புக் கோடுகள் நிரம்பி மறைந்துவிடும்.

இத்துடன் ஒரு புதுக் கார் கிடைத்துவிடும். பலர் இங்கேயே நிறுத்துவார்கள். சிலர் தொடர்வார்கள்.

தூரிகைக்கு முன் கேள்வி

வெயில், மழை, தூசு, பயன்பாடு ஆகியவற்றின் தடங்களை மாதிரியில் காட்டுவதை 'வெதரிங்' என்கிறார்கள். 1970களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் ராணுவ வாகன மாதிரிகளில் செய்துகாட்டிய காட்சிகளும், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரான்சுவா வெர்லிண்டன் பரப்பிய வண்ண உத்திகளும் இதை வளர்த்தன. கார் மாதிரி செய்வோரும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள்.

புதிதாகத் தொடங்குபவர் பழுப்பு வண்ணத்தை எடுத்து வண்டி முழுக்கத் தடவிவிடுவார். பார்த்தால் பழைய கார் போல இருக்காது. பழுப்பு தடவிய பொம்மை போல இருக்கும். ஏனெனில் துரு கண்ட இடத்தில் வருவதில்லை. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேரும் இடத்தில் வருகிறது. எனவே தூரிகையை எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது? இங்கே நீர் எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது? இந்த இடத்தை யார், எப்படித் தொடுகிறார்கள்?

முதல் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? 1953இல் வெளிவந்த செவ்ரோலெட் கார்வெட் காரின் உடல் கண்ணாடி இழையால் ஆனது. அதன் கதவில் துரு பூசினால் அது நடக்காத ஒன்று. கிழக்கு ஜெர்மனியின் டிரபான்ட் காரின் வெளிப்பலகைகள் பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தவை, அவை துருப்பிடிக்காது. ஆனால் உள்ளிருக்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை, அடிச்சட்டம் எஃகு. அங்கே துரு கீழே இருக்கும், மேலே இராது. துருவை எங்கே பூசக்கூடாது என்று தெரிந்தவரே அதை நன்றாகப் பூசுவார்.

பீட்டிலின் உடல் எஃகு. அதன் நான்கு மட்கார்டுகளும் போல்ட் போட்டுப் பொருத்தியவை. மட்கார்டும் உடலும் சேரும் கோட்டில் ஒரு பட்டை வைத்திருப்பார்கள். அந்த இடுக்கில் ஈரமும் மண்ணும் தங்கும். துரு அங்கே தொடங்கும். கதவுக்குக் கீழே இருபுறமும் வெப்பக்காற்று செல்லும் குழல் போன்ற பகுதி உண்டு. சக்கரம் வாரி அடிக்கும் நீர் அங்கே படுவதால் அதுவும் அரிக்கும். மின்கலம் பின்இருக்கைக்கு அடியில் இருப்பதால் அதன் கீழுள்ள தரைத் தகடும் பாதிக்கப்படும். கூரையின் நடுப்பகுதியோ மழைநீர் வழிந்தோடும் வளைவு. அங்கே எளிதில் துரு வராது.

இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றியது. உலகெங்கும் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் பீட்டில். மெக்சிகோவின் புவேப்லா ஆலையில் 2003 வரை உற்பத்தி தொடர்ந்தது. எனவே எல்லாத் தட்பவெப்பத்திலும் அது ஓடியிருக்கிறது. ஜெர்மனியில் ஓடிய பீட்டிலை எண்ணிப் பாருங்கள். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பு தூவுவார்கள். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. அதே உப்புநீர் மின்பகுளியாகச் செயல்பட்டுத் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகிறது. ஆகவே அந்தக் கார் கீழிருந்து மேலாக அரிக்கப்படும். மட்கார்டின் உள்வளைவு, மிதிபலகை, கதவின் அடிவிளிம்பு ஆகியவை முதலில் போகும்.

அதே கார் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நின்றிருந்தால்? அங்கே ஈரம் மிகக் குறைவு. ஓய்வுபெற்ற விமானங்களை டூசான் நகர் அருகே திறந்தவெளியில் நிறுத்திவைப்பதற்கும் அந்த வறட்சியே ஒரு காரணம். துரு மேலோட்டமாக இருக்கும். ஆனால் புறஊதாக் கதிர்கள் வண்ணத்தைச் சிதைக்கும். கூரை, பானெட், மட்கார்டின் மேற்புறம் என வானத்தைப் பார்க்கும் பகுதிகள் வெளிறிப் பொடிப்பொடியாகும். கதவின் கீழ்ப்பகுதியில் பழைய வண்ணம் ஓரளவு அப்படியே இருக்கும். இந்தக் கார் மேலிருந்து கீழாக வயதாகிறது. ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு மாதிரிகள் இரண்டு நிலங்களைச் சொல்லும்.

மூன்றாவது கேள்வி மனிதரைப் பற்றியது. ஓட்டுநர் கதவின் கைப்பிடியைச் சுற்றி வண்ணம் தேய்ந்திருக்கும். மறுபக்கக் கதவில் அவ்வளவு இருக்காது. தூசு படிந்த முன்கண்ணாடியில் துடைப்பான் சென்ற வளைவு மட்டும் தெளிவாக இருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி அழுக்கான வண்டியை நாம் பார்ப்பதே இல்லை.

ஒவ்வோர் உத்திக்கும் ஓர் அறிவியல்

இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே உத்திகள் தேவைப்படுகின்றன. முக்கியமான சில இவை.

*நீர்த்த வண்ணம்:* கரும்பழுப்பு எனாமல் வண்ணத்தை மிகவும் நீர்க்கச் செய்து, கதவின் விளிம்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். வண்ணம் தானாகவே கோடு நெடுக ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழைச் செயல்பாடுதான். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் நன்றாக ஓடும். சொரசொரப்பாக இருந்தால் கறையாகப் பரவும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசிக்கொள்கிறார்கள். அடியில் உள்ள வண்ணம் அக்ரிலிக் ஆகவும், மேலே ஓட விடுவது எனாமல் ஆகவும் இருந்தால், எனாமலுக்கான தின்னர் காய்ந்த அக்ரிலிக்கை எளிதில் கரைக்காது. கரைப்பான்களைப் பற்றி அறியாமல் இதைச் செய்ய முடியாது.

*உலர் தூரிகை:* வெளிர் வண்ணத்தைத் தூரிகையில் எடுத்து, தாளில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் மேடான பகுதிகளின் மேல் இலேசாக உரசுவது. விளிம்புகள் மட்டும் வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். உண்மையிலும் தேய்மானம் விளிம்பில்தான் முதலில் வருகிறது.

*பஞ்சு ஒற்றுதல்:* பாத்திரம் துலக்கும் பஞ்சின் சிறு துண்டில் வண்ணம் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றிவிட்டு, பின் மாதிரியில் ஒற்றினால் ஒழுங்கற்ற சிறு புள்ளிகள் விழும். கையால் வைக்கும் புள்ளிகள் நம்மையறியாமல் ஒரே இடைவெளியில் அமைந்துவிடும். பஞ்சு அந்த ஒழுங்கைக் குலைக்கிறது.

*ஹேர் ஸ்பிரே உத்தி:* முதலில் துரு வண்ணம் பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே. அதன்மேல் காரின் வண்ணத்தை அக்ரிலிக்கில் பூச வேண்டும். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், நடுவில் உள்ள ஸ்பிரே படலம் நீரில் இளகி, மேல்வண்ணம் திட்டுத்திட்டாகப் பெயரும். அடியில் துரு தெரியும். இங்கே துருவை வரைவதில்லை. வண்ணம் பெயர்ந்து துரு வெளிப்படுகிறது. உண்மையிலும் துரு பல மடங்கு பருத்து வண்ணத்தைத் தள்ளி உரிக்கிறது. அதனால்தான் இந்த முறை நம்பும்படி இருக்கிறது.

*பொடிகள்:* சாக்குக் குச்சிகளையோ நிறமிப் பொடியையோ தூளாக்கிச் சக்கரத்தின் பின்புறம், அடிப்பகுதி ஆகிய இடங்களில் மென்தூரிகையால் தடவுவது. கடைசியில் செய்ய வேண்டிய வேலை இது. வாழ்க்கையிலும் தூசு கடைசியாகத்தான் வந்து படிகிறது.

துருவின் நிறமும் ஒன்றல்ல. புதிய துரு ஆரஞ்சு கலந்தது. பழைய துரு கரும்பழுப்பு. எனவே முதலில் கரும்பழுப்பு, அதன் மேல் சில இடங்களில் மட்டும் ஆரஞ்சு. மழையில் வழிந்த துருக்கறை மேலிருந்து கீழே இழுத்த மெல்லிய கோடாக இருக்க வேண்டும். கோடு பக்கவாட்டில் போனால் புவியீர்ப்பு விசையை மறந்துவிட்டோம் என்று பொருள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான உத்தி, நிறுத்துவது. நன்றாக வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் இன்னும் கொஞ்சம் என்று போனால் கெட்டுவிடும். இன்று ஒரு படி செய்துவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்து அடுத்ததைச் செய்வது நல்லது.

நம் வகுப்பறைக்கு

இந்தப் பெட்டிகள் விலை அதிகம். அரசுப் பள்ளி வகுப்பறைக்குப் பொருந்தாது. கூர்மையான கத்தி, தின்னர், தீப்பற்றக்கூடிய ஸ்பிரே ஆகியவை மாணவர் கைக்குப் போகக்கூடாதவை. ஆனால் இந்தக் கலையின் சாரம் பெட்டியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. அதற்குச் செலவில்லை. நான் கடந்த இரு ஆண்டுகளாகச் செய்துவருவது இது.

*முதல் பாடவேளை: பார்த்தல்.* பள்ளியின் இரும்பு நுழைவாயில் கதவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்கிறேன். குழுவுக்கு ஒரு தாள். கதவின் உருவரையை வரைந்து, துரு உள்ள ஐந்து இடங்களையும் துரு இல்லாத ஐந்து இடங்களையும் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்று ஒரு வரி எழுத வேண்டும். "கீழ்க் கம்பியில் துரு, மழைத்தண்ணி அங்க நிக்குது." "தாழ்ப்பாள் பக்கத்துல பெயிண்ட் இல்ல. எல்லாரும் அங்கதான் கை வைப்பாங்க." இப்படி எழுதுகிறார்கள். கீலுக்கு அருகே துரு இல்லாததைக் கண்ட ஒரு மாணவி, "எண்ணெய் போட்டிருக்காங்க டீச்சர்" என்று உடன் வந்த ஆசிரியையிடம் சொன்னாள். எண்ணெய் நீரையும் காற்றையும் தடுக்கிறது என்பதை அன்று நான் பாடமாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

*இரண்டாம் பாடவேளை: அளத்தல்.* கதவின் ஒரு பக்கம் 1.80 மீட்டர் அகலம் என்றால் 1:12 அளவில் 15 சென்டிமீட்டர். 1:24 என்றால் 7.5 சென்டிமீட்டர். தொடக்கநிலை மாணவர்களுக்குக் கதவின் உயரத்தை ஒரு நூலால் அளந்து, நூலை மடித்து மடித்துப் பாதி, கால் எனக் காட்டலாம். கெட்டி அட்டையில் கதவை வெட்டி ஒட்டுகிறார்கள். கத்தி வேலை இருந்தால் ஆசிரியர் செய்ய வேண்டும்.

*மூன்றாம் பாடவேளை: வண்ணம்.* ஹேர் ஸ்பிரேக்குப் பதில் சமையல் உப்பு போதும். அட்டையில் பழுப்பு அக்ரிலிக் பூசி நன்கு காயவிட வேண்டும். துரு வர வேண்டிய இடங்களில் மட்டும் ஈரத் தூரிகையால் தொட்டு, கல் உப்பைப் பொடித்துத் தூவ வேண்டும். காய்ந்ததும் கதவின் வண்ணத்தை மேலே மெல்லிதாகப் பூச வேண்டும். அதுவும் காய்ந்தபின் பழைய பல் துலக்கியால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அடியிலுள்ள பழுப்பு ஒழுங்கற்ற வடிவங்களில் தெரியும். போஸ்டர் கலர் இதற்கு உதவாது. காய்ந்த பின்னும் நீரில் கரைந்து கலங்கிவிடும். அக்ரிலிக் காய்ந்தால் நீரில் கரையாது. ஏன் என்று மாணவர்களையே இரண்டு துண்டுகளில் சோதிக்கச் சொல்லலாம்.

இதோடு, நாம் வழக்கமாகச் செய்யும் ஆணிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். உலர் காற்றில் ஓர் ஆணி, கொதிக்கவைத்து ஆறிய நீரில் எண்ணெய்ப் படலத்துக்குக் கீழே ஓர் ஆணி, சாதாரண நீரில் ஓர் ஆணி, உப்பு நீரில் ஓர் ஆணி. சில நாள்களில் கதவில் கண்டதற்கான விளக்கம் சோதனைக் குழாயில் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. பார்ப்பதற்கு எப்போதும் பொதுப் பொருளையே தேர்ந்தெடுங்கள். பள்ளிக் கதவு, அடிகுழாய், பேருந்து நிழற்குடை போன்றவை போதும். "உங்கள் வீட்டுப் பழைய பொருளைக் கொண்டு வா" என்று சொன்னால், ஒரு குழந்தைக்கு அது பாடமாக இருக்கும். இன்னொரு குழந்தைக்கு வீட்டின் வறுமையை வகுப்பில் விரித்துக் காட்டுவதாக ஆகிவிடும்.

மதிப்பெண் எதற்கு?

மதிப்பிடும்போது நேர்த்திக்கு நான் இப்போது குறைந்த மதிப்பெண்ணே ஒதுக்குகிறேன். மாணவர் செய்த பொருளைக் கையில் எடுத்து மூன்று கேள்விகள் கேட்கிறேன். இதை எங்கே பார்த்தாய்? அது ஏன் அங்கே இருக்கிறது? இதில் நீ பார்க்காமல் ஊகித்தது எது? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை சொல்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. பார்த்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதுதான் அறிவியல் மனப்பான்மையின் தொடக்கம். கடையில் வாங்கிய மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளைத் தாண்டாது.

அந்த எட்டாம் வகுப்பு மாணவனிடம் இவற்றைக் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் விடை சொல்லியிருப்பான். படிக்கட்டுக்குக் கீழே துரு, ஏனெனில் மழைநாளில் ஏறுவோரின் கால் ஈரமும் சாலைச் சேறும் அங்கே சேர்கின்றன. பின்கண்ணாடி மங்கல், ஏனெனில் ஓடும் பேருந்து கிளப்பும் புழுதி பின்பக்கமாகச் சுழன்று வந்து படிகிறது. தினமும் காலையில் அந்தப் பேருந்துக்காகக் காத்திருந்தவன் அவன். நான் கேட்கவில்லை.

அவன் பள்ளியை முடித்துச் சென்றுவிட்டான். பேருந்து இன்னும் ஆய்வக அலமாரியின் மேல் இருக்கிறது. நான் பூசச் சொன்ன வண்ணம் சில இடங்களில் உரிந்து, அடியில் அவன் பூசிய பழுப்பு தெரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் கண்காட்சிக்கு முன் அதைக் கீழே இறக்கி மாணவர்களிடம் கொடுத்து, "துரு எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது?" என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம்.